அக்வேரியம் கொடுத்த வாக்கு

1854-இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் பிலிப் ஹென்றி கோஸ். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘அக்வேரியம்: ஆழ்கடல் அதிசயங்களின் திரைவிலக்கம்’ என்று வரும். இன்று உலகத்து மொழிகளில் பல ஏதோ ஓர் உருவில் வைத்திருக்கும் ‘அக்வேரியம்’ என்ற பெயரை நாம் அறிந்த பொருளில் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது இந்தப் புத்தகம்தான். ஆனால் தலைப்பில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதற்பாதி உடனே பிடித்துக்கொண்டது. பின்பாதியில் நிற்கும் ‘ஆழ்கடல்’ கண்ணாடிக்குப் பின்னால் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 2022 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியம் ஆழ்கடல் உயிர்களுக்கென்றே ஒரு பெரிய கூடத்தைத் திறக்கவிருக்கிறது என்ற செய்தி வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த 1854-ஆம் ஆண்டுத் தலைப்புப் பக்கம். பெயர் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. பொருள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது.

இலத்தீனில் ‘அக்வா’ என்றால் தண்ணீர். அதிலிருந்து ‘அக்வேரியஸ்’, தண்ணீரைச் சேர்ந்தவன், தண்ணீர் சுமப்பவன். நம் கும்ப ராசிக்கு மேல்நாட்டார் வைத்திருக்கும் பெயர் அதுதான். நம்மிடம் குடம் நின்றது, அவர்களிடம் குடத்தைச் சாய்க்கிறவன் நின்றான். அந்தச் சொல்லின் அஃறிணை வடிவம் ‘அக்வேரியம்’. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் இது வருகிறது. நிலம் வாங்கப் போகிறவன் பக்கத்தில் என்னென்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்கிற இடத்தில், நல்ல ‘அக்வேரியம்’ இருக்கிறதா என்பதும் ஒன்று. கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் இடம் என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செல்வந்த ரோமர்கள் விலாங்கும் மடவையும் வளர்த்த குளங்களுக்குப் பெயர் ‘பிஸ்கினா’. விலங்கோ மீனோ உயிரோடு அடைத்து வைக்கும் இடத்துக்குப் பொதுப்பெயர் ‘விவாரியம்’.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பெயர் மீனுக்கு வந்தது விந்தையாகத் தோன்றலாம். தமிழில் அதற்கு ஒரு பயணமே தேவைப்படவில்லை. மாடு குடிப்பதும் தொட்டி, மீன் வளர்வதும் தொட்டி. இலத்தீன் ஈராயிரம் ஆண்டு சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் ‘தொட்டி’ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

கோஸ் பெயர் வைத்தாரே தவிர, பொருளை உண்டாக்கியவர் அவர் அல்லர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் வைத்தவர் நிலைக்க, செய்து பார்த்தவர்கள் மறைந்துபோவது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நடக்கிறது. 1832-இலேயே சிசிலித் தீவின் மெசினாவில் ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடிப் பெட்டிகளில் கடல்நீர் நிரப்பி, ‘ஆர்கோநாட்டா’ என்னும் ஓடு சுமக்கும் எண்காலியை வளர்த்துப் பார்த்தார். அந்த ஓட்டை அது வேறெங்கோ திருடிக்கொள்கிறதா, தானே செய்கிறதா என்பது அன்றைய பெரிய வழக்கு. தானே செய்கிறது என்று நிறுவியது அவருடைய தொட்டி. 1846-இல் ஆனா தின் என்ற லண்டன் சீமாட்டி டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை எடுத்து வந்து வீட்டில் உயிரோடு வைத்திருந்தார். கடல்நீர் கெடாமலிருக்க, திறந்த ஜன்னல் அருகே அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தூக்கி மாறி மாறி ஊற்றும் வேலை ஒரு பணிப்பெண்ணுடையது. அந்தப் பணிப்பெண்ணின் கைதான் உலகின் முதல் காற்றூட்டும் பம்புகளில் ஒன்று. அவர் பெயர் எந்தப் புத்தகத் தலைப்பிலும் இல்லை. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒன்று வெளியிடுவதை மற்றொன்று பயன்படுத்திக்கொண்டால் தண்ணீர் மாற்றாமலே வாழ முடியும் என்று 1850-இல் கட்டுரை வாசித்தார். பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டிருந்தது. கண்ணாடி மலிவானது. எல்லாம் கூடிவந்துவிட்டன, பெயர் மட்டும் இல்லை.

1853-இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலை பொதுமக்களுக்கு ஒரு கட்டடம் திறந்தது. அதை ‘மீன் வீடு’ என்றார்கள், நீர் விவாரியம் என்றும் சொன்னார்கள். அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் கோஸும் ஒருவர். மறு ஆண்டுப் புத்தகத்தில் இந்தப் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக எடைபோடுகிறார். ‘விவாரியம்’ எல்லா உயிருக்கும் பொது. அதன் முன்னே ‘அக்வா’வைச் சேர்த்தால் நாக்கில் தட்டுகிறது. பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், சொல்ல எளிதாக, நினைவில் நிற்பதாக இருக்க வேண்டும். தாவரவியலாளர்கள் நீர்ச்செடி வளர்க்கும் தொட்டியை ஏற்கெனவே ‘அக்வேரியம்’ என்று அழைத்து வந்தார்கள். அதையே எடுத்து விலங்குகளுக்கும் விரித்துவிடலாம் என்று முடிவு செய்கிறார். ஒரு சொல்லை இன்ன காரணத்துக்காகத் தேர்கிறேன் என்று தேர்ந்தவரே பதிந்து வைத்த இடம் சொல்லாராய்ச்சிக்காரனுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கோஸின் அந்தப் பக்கங்களை நான் விரும்பிப் படிப்பது அதற்காகவும்தான்.

பெயருக்கு இவ்வளவு காரணம் காட்டியவர் ‘ஆழ்கடல்’ என்ற பின்பாதிக்கு எந்த விளக்கமும் தரவில்லை. புத்தகத்துக்குள் போனால் இருப்பவை வேமவுத் கடற்கரையின் உயிர்கள்: பாறைக் குழிகளில் ஒட்டியிருக்கும் கடற்சாமந்தி, நண்டு, இறால், சின்னச் சின்னக் கரைமீன்கள், கொஞ்ச தூரம் படகில் போய்க் கடலடியைச் சுரண்டி அள்ளியவை. வற்றம் வரும்போது காலை நனைத்துக்கொண்டு பொறுக்கக்கூடியவைதாம் பெரும்பாலும். இவற்றை ஆழ்கடல் அதிசயம் என்றது பொய்யா?

அப்படி நான் நினைக்கவில்லை. அன்றைய ஆங்கிலத்தில் ‘ஆழம்’ என்ற சொல்லே கடலுக்குப் பெயர். கவிதையிலும் வேதாகமத்திலும் பழகிய வழக்கு அது. கோஸோ வேதாகமத்தில் ஊறியவர். இலத்தீனிலும் ‘ப்ரொஃபுண்டும்’ ஆழத்தையும் குறிக்கும், கடலையும் குறிக்கும். தமிழ் படிக்கிறவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. ஆழ்ந்து கிடப்பதால் அது ஆழி. கரையில் நின்று கால் நனைத்தாலும் ஆழிதான். கோஸ் சொன்ன ஆழ்கடலும் அப்படிப்பட்டதே: ஆழமான கடல் என்பதல்ல, ஆழமாகிய கடல். இன்றைக்கு அறிவியலார் ‘ஆழ்கடல்’ என்றால் 200 மீட்டருக்குக் கீழே என்று கோடு போட்டுவிட்டார்கள். நம் மீனவர்களிடம் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ‘ஆழ்கடல் தொழில்’ என்றால் கரை மறைந்து பல நாள் ஓட்டத்தில் இருக்கும் கடல். தூண்டில் அங்கே மேல்நீரிலேயே கூட மிதக்கலாம். அவர்களுடைய ஆழம் தொலைவைச் சொல்கிறது.

ஆக, கோஸ் தலைப்பு வைத்தபோது அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே காட்ட ஒன்றுமில்லை என்பதே அன்றைய படிப்பாளிகளின் முடிவு. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1841-42இல் ‘பீக்கன்’ கப்பலில் ஏஜியன் கடலைச் சுரண்டிப் பார்த்தார். கீழே போகப்போக உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. அந்தக் கணக்கை நீட்டி, 300 பாகத்துக்குக் கீழே உயிரே கிடையாது என்று சொல்லிவிட்டார். பாகம் என்பது நம் கடற்கரை வழக்கு, இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ ஆறடி. ஆங்கிலேயரின் ‘ஃபேதம்’ என்ற அளவும் விரித்த கைகளிலிருந்து பிறந்ததுதான். 300 பாகம் என்றால் சுமார் 550 மீட்டர். ஃபோர்ப்ஸ் பார்த்த ஏஜியன், ஆழத்தில் உயிர் மிகவும் அரிதான கடல் என்பது அவருடைய கெட்ட நேரம். 1818-லேயே ஜான் ராஸ் வடதுருவப் பக்கத்துப் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்க விட்ட கயிற்றில், கிளை கிளையாகக் கை விரித்த ஒரு நட்சத்திர உயிர் அந்த எல்லைக்கும் வெகு கீழேயிருந்து சிக்கி வந்திருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபோர்ப்ஸ் மறைந்தது 1854 நவம்பரில். ஆழ்கடல் அதிசயங்கள் என்று ஒரு தலைப்பும், ஆழ்கடல் வெறுமை என்று ஒரு கொள்கையும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒன்றையொன்று தொடாமல் உலவின.

பெயருக்கு யோகம் அடித்தது. ஓரிரு ஆண்டுகளில் லண்டனில் வசதியான வீடுகளில் எல்லாம் அக்வேரியம் வந்துவிட்டது. கரைப் பாறைகளைச் சனங்கள் மொய்த்துச் சுரண்டி எடுத்தார்கள். தன் தந்தையின் புத்தகங்களால் எழுந்த இந்த மோகம் அந்தக் கரைக்குளங்களையே அழித்தது என்று மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் எழுதிய ‘தந்தையும் மகனும்’ நூலில் வருந்துகிறார். பிறகு சொல் தொட்டியிலிருந்து கட்டடத்துக்கு ஏறியது. பெர்லினில் 1869, பிரைட்டனில் 1872, நேப்பிள்ஸில் 1874. அதன்பின் ஒரு வழுக்கலும் நடந்தது. 1876-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ‘ராயல் அக்வேரியம்’ திறந்தார்கள். பெரிய பெரிய தொட்டிகள் கட்டினார்கள், மீன்கள் ஒழுங்காக வந்து சேரவேயில்லை. பாட்டும் கூத்தும் வித்தையும் நடக்கும் கொட்டகையாக அது மாறிற்று. கால் நூற்றாண்டு லண்டன்காரர்களில் பலருக்கு ‘அக்வேரியம் போகிறேன்’ என்றால் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று பொருள். 1903-இல் இடித்தார்கள். அந்த வழக்கும் அதோடு போயிற்று.

சென்னைக்கு இந்தச் சொல் 1909-இல் கட்டடமாகவே வந்தது. மெரினா கடற்கரையில் திறந்த அக்வேரியம் இந்தியாவிலேயே முதலாவது என்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடியது, பிறகு எழவில்லை. இன்று தமிழ்நாட்டில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் கடைப் பலகைகள்தாம். கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வாங்கப் போகிறவர் எந்தத் தெருவில் திரும்பினாலும் ‘அக்வேரியம்’ என்று எழுதியிருக்கும். வீட்டுத் தொட்டியில் தொடங்கி, மாளிகையாகி, மறுபடி வீட்டுத் தொட்டிக்கு இறங்கியிருக்கிறது சொல். தமிழில் ‘மீன் காட்சியகம்’ என்றொரு பெயரும் வழங்குகிறது. அது கோஸின் பெயரைவிட, லண்டன் கைவிட்ட ‘மீன் வீட்டு’க்குத்தான் நெருக்கம்.

பழைய சென்னையில் இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. மூர் மார்க்கெட் பக்கத்து விலங்குக் காட்சிச்சாலை ‘உயிர் காலேஜ்’. பாமர மக்கள் வைத்த பெயர்கள் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இவற்றைவிடத் தெளிவான பாகுபாடு எந்த மொழியிலும் கண்ணில் பட்டதில்லை. ஆழ்கடலின் கதையை இந்த இரண்டு சொற்களால் சொல்லிவிடலாம். ஃபோர்ப்ஸின் கொள்கை சீக்கிரமே உடைந்தது. 1860-இல் சார்டினியாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையில் அறுந்துபோன தந்திக் கம்பியைச் சீர்செய்யத் தூக்கியபோது, ஆயிரம் பாகத்துக்கும் கீழே கிடந்த பகுதியில் பவள உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. 1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்து, 4,475 பாகம் வரை ஆழம் கண்டு, ஆயிரக்கணக்கான புதிய இனங்களைக் கொண்டுவந்தது. நம் வங்காள விரிகுடாவில் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பல் அந்த வேலையைச் செய்தது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் போன ஆல்ஃபிரட் அல்காக் 1902-இல் அந்தக் கடற்பயணங்களைப் பற்றி ஓர் அருமையான புத்தகம் எழுதினார். அவ்வளவும் சாராயக் குப்பிகளுக்குள் போயின. ஆழ்கடல் ஒரு நூற்றாண்டு காலம் செத்த காலேஜிலேயே இருந்தது.

உயிர் காலேஜுக்கு வர என்ன தடை? ஆழத்து அழுத்தம் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது பாதி சரி. நீந்துபையில் காற்றடைத்த மீன், மேலே வரவர அந்தக் காற்று விரிந்து மாய்ந்துபோகும். உடம்பில் காற்றறையே இல்லாத சொறி, நண்டு, பவளம் போன்றவற்றில் பல அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கின்றன. அவற்றைக் கொல்வது வெப்பம். அவை வாழ்கிற நீர் நான்கைந்து டிகிரி குளிர்ச்சியில் இருக்கிறது. மேற்பரப்பின் வெதுவெதுப்பு அவற்றுக்குக் கொதிநீர். அதற்கடுத்தது ஆக்சிஜன். கலிபோர்னியாக் கரைக்கப்பால் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கே பழகிய உயிருக்கு நம் தொட்டி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே அளவுமீறியது. எனவே மான்டரேயில் தொட்டிக்குள் போகும் கடல்நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஆனா தின்னின் பணிப்பெண் ஜன்னலோரம் நின்று நீருக்குக் காற்றூட்டினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே காற்றை வெளியே எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜப்பானியர்கள் இதில் முந்தினார்கள். சுருகா விரிகுடா கரையிலிருந்தே 2,500 மீட்டர் வரை இறங்குகிறது. அதன் ஓரத்தில் நுமாசு துறைமுகத்தில் 2011-இல் பெயரிலேயே ‘ஆழ்கடல்’ தாங்கிய காட்சியகம் திறந்தது. டோபா அக்வேரியத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ‘பாத்தினோமஸ்’ ஒன்று இருந்தது. மரவட்டைபோலக் கணுக்கணுவான உடம்பு, முன்கை நீளம். ஜப்பானியப் பெயருக்குப் ‘பேரரசக் கவசப்பூச்சி’ என்று பொருள். 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்றது, பிறகு 2014 பிப்ரவரியில் சாகும்வரை எதையும் தொடவில்லை. ஐந்தாண்டுப் பட்டினி. ஜப்பான் முழுவதும் அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. இதே பேரினம் நம் வங்காள விரிகுடாவிலும் இருக்கிறது, அல்காக் காலத்திலேயே எடுத்திருக்கிறார்கள். பிரான்சின் பிரெஸ்ட் நகரில் 2012-இல் வேறு வழி பார்த்தார்கள். ‘அபிஸ்பாக்ஸ்’ என்ற உலோகக் கூண்டுக்குள் 1,800 மீட்டர் ஆழத்து அழுத்தத்தையே உண்டாக்கி, கடலடி வெந்நீர் ஊற்றின் இறாலையும் நண்டையும் சிறு சாளரம் வழியாகக் காட்டினார்கள்.

மான்டரேக்கு வாய்த்தது நிலத்தின் அமைப்பு. கரைக்குப் பக்கத்திலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகிறது. காலையில் போன கப்பல் மாலையில் உயிரோடு கொண்டுவந்து சேர்க்க முடியும். 1984-இல் அக்வேரியம், 1987-இல் டேவிட் பக்கார்ட் நிறுவிய கடலாய்வு நிலையம், அதன் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிகள் என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. அக்கருவிகளில் ஒன்றுக்கு ‘டாக் ரிக்கட்ஸ்’ என்று பெயர். அக்வேரியம் நிற்கும் தெருவிலேயே முன்பு ஆய்வகம் வைத்திருந்து, காலை நனைத்துக் கரைக்குளங்களைப் படித்த எட் ரிக்கட்ஸ் நினைவாக வைத்தது. கரைக்குளத்து மனிதரின் பெயர் இன்று பள்ளத்தாக்கின் அடிவரை போகிறது.

2022 ஏப்ரல் 9-இல் திறந்த கூடத்துக்குப் பெயர் ‘ஆழத்துக்குள்: நாம் இன்னும் கண்டறியாத கடலைத் தேடி’. கூடவே ஸ்பானியப் பெயரும் உண்டு. அதில் அந்தப் பழைய ‘ப்ரொஃபுண்டோ’வே நிற்கிறது. கோஸ் திரை விலக்கினார். இவர்கள் இன்னும் கண்டறியவில்லை என்கிறார்கள். எந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கும் என்றால், இரண்டாவதுதான். உள்ளே மீன் குறைவு. பெரும்பகுதி சொறியும் சீப்பு ஜெல்லியும் நண்டும் பவளமும். ‘மீன் காட்சியகம்’ என்ற நம் பெயர் இந்த வாசலில் பொருந்தாமல் நிற்கும். மாட்டுத் துறையிலிருந்து வந்தாலும் தண்ணீரைத் தவிர வேறெதையும் குறிக்காத ‘அக்வேரியம்’ எதையும் உள்ளே விடும். மெல்லுடல் உயிர்கள் சுவரில் மோதாமல் இருக்க நீரைச் சுழலவிடும் வட்டத் தொட்டிகளை அங்கே ‘கிரைசல்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அது பம்பரம். அவற்றில் ஒன்றில் மிதப்பது 2001-இல்தான் அறிவியல் பெயர் பெற்ற ‘லாம்போக்டீஸ் குருவென்டிவென்டர்’: ஒளிரும் சீப்பு, குருதி வயிறு. கடுஞ்சிவப்பு நிறம். சிவப்பொளி எட்டாத ஆழத்தில் அது கருப்பாகத் தெரியும். விழுங்கிய இரை உள்ளே ஒளிவிட்டாலும் அந்தச் சிவந்த வயிறு வெளியே காட்டிக்கொடுக்காது.

வருகிறவர்களில் பலர் தேடுவது வேறொன்றை: நெற்றியில் விளக்குத் தாங்கிய தூண்டில்மீன். 2014 நவம்பரில் மான்டரே பள்ளத்தாக்கின் 580 மீட்டரில் டாக் ரிக்கட்ஸ் அதைப் படம்பிடித்தது. விரலளவு உடம்பும் ஊசிப் பற்களுமாக அது நீந்தும் அந்தச் சில நிமிடங்களை உலகமே பார்த்தது. அதைத் தொட்டியில் வாழவைக்கும் வழி இன்னும் அமையவில்லை.